இறகு சாரைத் தெரிந்த மீன்கள்

எண்பதுகளில் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்து ஏரிகளில் வாழ்ந்த மீன்கள் அத்தனைக்கும் இறகு சாரைத் தெரியும். அவருக்குத்தான் ஒரு மீனோடும் பழக்கம் ஏற்படவில்லை. அவர் எந்தக் கிழமை வருவார், கரையில் எங்கே நிற்பார் என்பதெல்லாம் விராலுக்கும் கெண்டைக்கும் மனப்பாடம் என்பது எங்கள் சங்கத்தில் ஒருமனதாக ஏற்கப்பட்ட கருத்து. சூல்கொண்ட மீன்கள் அவர் தூண்டிலுக்குக் கீழேதான் முட்டையிட வரும், ஏரியில் அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது என்று எல்லப்பன் சொல்வான்.

சங்கம் என்றால் ஞாயிறு தூண்டில் சங்கம். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பில் எழுபத்தொன்பதில் தொடங்கியது. தொடங்கிய நாளைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. காணும் பொங்கல் என்பது ஒரு கட்சி, குடியரசு தினம் என்பது இன்னொன்று. இரண்டும் விடுமுறை நாள் என்பதால் இரண்டுக்கும் சாட்சிகள் இருக்கிறார்கள். நான் குடியரசு தினக் கட்சி. கொடியேற்றத்தில் கொடுத்த மிட்டாயைத் தூண்டில் முள்ளில் குத்திப் போட்டுப் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

திருநெல்வேலி, தஞ்சாவூர், வேலூர் என்று பல ஊர்களிலிருந்து வேலைக்கு வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். ஞாயிற்றுக்கிழமை சொந்த ஊருக்குப் போக முடியாதவர்கள் ஏரிக்குப் போனோம். வெளியாள் ஒருவன் மட்டும் உறுப்பினர். அவன்தான் மண்ணூர்பேட்டை எல்லப்பன். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை. நாங்கள் எல்லாரும் சேர்ந்து பிடிக்கும் மீனை அவன் ஒருவனே பிடித்துவிடுவான். ஒரு கொட்டாங்குச்சி நிறைய மண்புழுவும் ஒரு மூங்கில் கழியும் போதும் அவனுக்கு.

இறகு சார் எண்பத்திரண்டு ஜூலையில் வந்தார். பள்ளிக்கூடங்கள் திறந்து, மாற்றலாகி வந்த குடும்பங்கள் சாமான்களை இறக்கி முடித்த சமயம். அதற்கு முன் நீலகிரியில் சூப்பர்வைசராக இருந்தவர். அங்கே மலை ஓடைகளில் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் வழியில் மீன் பிடிப்பவர்களைப் பார்த்து அந்த வித்தையைக் கற்றுக்கொண்டிருந்தார். மண்புழு கிடையாது, மாவு உருண்டை கிடையாது. கோழி இறகு, மயில் இறகு, பட்டு நூல் இவற்றைச் சிறு முள்ளில் சுற்றிக் கட்டி, பார்க்கிறவன் பூச்சி என்று கையால் தட்டிவிடும்படி ஒன்றைச் செய்வார். மூன்று துண்டாகக் கழற்றி மாட்டும் மெல்லிய கோலைச் சாட்டைபோல முன்னும் பின்னும் வீசி, கனத்த நூலைக் காற்றில் நெளியவிட்டு, அந்தப் பூச்சியைத் தண்ணீர் மேல் மெதுவாக உட்கார வைக்க வேண்டும். மீன் ஏமாந்து மேலே வந்து கவ்வ வேண்டும். நீலகிரி மீன்கள் ஏமாந்தன. அவருடைய உண்மைப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. வேறெங்கும் அதற்கு உபயோகம் ஏற்படவில்லை.

முதல் ஞாயிறு பருத்திப்பட்டு ஏரிக்குப் போனோம். அவர் பிஸ்கட் தகர டப்பா ஒன்றைத் திறந்தார். உள்ளே பஞ்சின் மேல் வரிசையாக இறகுப் பூச்சிகள். எல்லப்பன் குனிந்து பார்த்தான்.

"இன்னா சார் இது? மீனுக்குக் காது கொடையப் போறியா?"

"இது பூச்சி. தண்ணி மேல பறக்கிற பூச்சி."

"பூச்சின்னா உயிரோட கீற பூச்சிய மாட்டேன். அதுக்கு இன்னாத்துக்கு இம்மாம் மெனக்கெடு?"

"உயிரை வச்சு உயிரைப் பிடிக்கிறதுல என்னப்பா பெருமை?"

"பெருமைய வச்சு கொயம்பு வக்க முடியாதே சார்!"

இறகு சார் ஒரு பூச்சியை எடுத்து நூலில் கட்டினார். எழுந்து நின்று கோலை வீசினார். நூல் பின்னால் போயிற்று, முன்னால் வந்தது, மறுபடி பின்னால் போயிற்று. இரண்டாம் முறை அது தனியாக வரவில்லை. ஏரிக்கரை மேல் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த பால்காரரின் தோளில் கிடந்த துண்டு முள்ளில் மாட்டி, எங்கள் தலைக்கு மேல் ஒரு பெரிய பறவைபோல வந்து தண்ணீரில் விழுந்தது. பால்காரர் அது தெரியாமல் வெகுதூரம் போய்விட்டார். அன்றைக்கு இறகு சார் ஏரியிலிருந்து எடுத்த ஒரே உருப்படி அந்தத் துண்டு.

நாங்கள் சிரித்தோம். கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டோம். அவர் துண்டைப் பிழிந்து புல்லின் மேல் காயப்போட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பக்கத்து ஏரியில, இறகுல ஒரு மீன் பிடிக்கிற வரைக்கும் என் வாயில மீன் படாது."

குரலை உயர்த்தாமல் சொன்னார். அதனால்தான் எங்களுக்குப் பயமாக இருந்தது. அவர் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கடலோரத்தில் பிறந்தவர். பல் முளைக்கும் முன்பே மீன் தின்ற ஜாதி.

பால்காரர் துண்டு காய்வதற்குள் செய்தி குடியிருப்புக்குப் போய்விட்டது. இறகு சாருடைய மனைவியை நாங்கள் எல்லாரும் அக்கா என்போம். அவரும் அதே கடற்கரைதான். அப்பா மீன் ஏலம் எடுப்பவர், தம்பிகள் இருவரும் படகு வைத்திருப்பவர்கள். அக்கா வாசலிலேயே நின்று கணவரை விசாரித்தார்.

"சபதம் போட்டது நீங்கதானே?"

"ஆமா."

"யாராச்சும் போடச் சொன்னாங்களா?"

"இல்ல."

"சரி. உங்களுக்கு ஒரு குழம்பு, எனக்கு ஒரு குழம்புன்னு ரெண்டு தடவ அடுப்பு மூட்ட எனக்கு நேரமில்ல. எப்பப் பிடிக்கிறீங்களோ அப்ப வாங்கிக்கிறேன். அதுவரைக்கும் இந்த வீட்ல மீன் வாசம் வராது."

வரவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் வரவில்லை. காலையில் கூடையோடு வரும் மீன்காரம்மா அந்த வீட்டு வாசலை மட்டும் குரல் கொடுக்காமல் கடந்து போவாள்.

ஆனால் அவர்கள் வீட்டுக்கு எதிர் வீடு எங்களுடையது. ஞாயிறு மத்தியானம் என் மனைவி வஞ்சிரத்தைத் தோசைக்கல்லில் போட்டதும் அக்கா ஒரு கிண்ணத்தோடு வருவார். சர்க்கரை வேண்டுமாம். அடுப்படியில் நின்றபடியே நாலு துண்டு சாப்பிட்டுவிட்டு, கைகழுவி, வெற்றிலை போட்டுக்கொண்டு போவார். பல தடவை கிண்ணத்தை மறந்துவிட்டுப் போயிருக்கிறார். சில நேரம் அவர் உள்ளே இருக்கும்போது இறகு சாரும் என்னைப் பார்க்க வருவார். தெருவிலேயே நின்று பலமாக இருமுவார். இருமலுக்கும் கதவைத் தட்டுவதற்கும் நடுவில் ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்க்கும் அளவு நேரம் விடுவார். உள்ளே வந்து உட்கார்ந்து காற்றின் திசையைப் பற்றிப் பேசுவார். வீடே மணத்துக்கொண்டிருக்கும். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒருபோதும் பேசிக்கொண்டதில்லை என்று என் மனைவி சொல்வாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்டதில்லை.

இறகு சேகரிப்பு தனி இயக்கமாக நடந்தது. கறிக்கடை வாசலில் கோழி வாங்காமல் இறகை மட்டும் பொறுக்கிக்கொண்டு போகும் மனிதரை ஆவடி மார்க்கெட் முதலில் சந்தேகித்தது, பிறகு பரிதாபப்பட்டது. பங்குனி உத்திரத்தன்று காவடிகளுக்குப் பின்னால் பக்தியோடு நடந்து, உதிரும் மயில் பீலிகளை எடுத்து வருவார். பஸ் நிலையத்தில் கிளி ஜோசியர் ஒருவர், இவர் தூரத்தில் வருவதைப் பார்த்ததும் கூண்டின் மேல் துணியைப் போட்டு மூடுவார்.

"கிளியத் தொடாத சார். உனக்கு ஓசிலயே ஜோசியம் சொல்றேன், கிளிய மட்டும் உட்ரு."

பொழுதுபோக்கு மன்றத்தில் இறகுப்பந்துகள் ஒரு பருவத்தில் வழுக்கையாகிக்கொண்டே வந்தன. அடித்தால் நேராகப் போகாமல் சுருண்டு விழுந்தன. விசாரணைக் குழு அமைத்தார்கள். குழுவின் முடிவு வெளியிடப்படவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இறகுப்பந்துகளைப் பூட்டி வைத்தார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் அவர் எங்கள் சங்கத்தின் கேப்டன் ஆகிவிட்டார். வேறு யாரும் அந்த வேலைக்கு ஆசைப்படாததே காரணம். கேப்டன் ஆனதும் முதல் உத்தரவு: மாதத்தின் முதல் ஞாயிறு இறகு ஞாயிறு. அன்றைக்கு எல்லாரும் இறகுத் தூண்டில்தான் வீச வேண்டும், கொட்டாங்குச்சி கரைக்கே வரக்கூடாது. அதற்காகச் சனிக்கிழமை மாலைகளில் குடியிருப்பு மைதானத்தில் பயிற்சி. புல்லில் எனாமல் தட்டுகளை வைத்து, அவற்றுக்குள் இறகு விழும்படி வீச வேண்டும். மாதங்கள் ஓடின, வருஷங்கள் ஓடின. தட்டில் விழவைக்க எல்லாருக்கும் வந்துவிட்டது. மீன்தான் வரவில்லை. முதல் ஞாயிறு என்றால் எல்லாரும் வெறுங்கையோடுதான் வீடு திரும்புவோம் என்பதை அனுபவத்தில் கண்ட மனைவிமார் அன்று காலையிலேயே பருப்பை வேகப்போட்டுவிடுவார்கள். குடியிருப்பில் அதற்குச் சாம்பார் ஞாயிறு என்று பெயர்.

செம்பரம்பாக்கம் போகும்போது பஸ்ஸில் கோலுக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்பார்கள். "இது உடற்பயிற்சிக் கருவி" என்று இறகு சார் விளக்குவார். கண்டக்டர் அந்தக் கருவியையும் எங்கள் உடல்களையும் பார்ப்பார். டிக்கெட் கிழிப்பார். ஒருமுறை தொழிற்சாலை வேலி ஓரமாகக் குறுக்கு வழியில் வந்தபோது காவலர் நிறுத்தினார். நீண்டு மெலிந்த கோல், அடியில் சுற்றிய நூல் உருளை. ஒயர்லெஸ் கருவி என்று அவர் முடிவுகட்டிவிட்டார். இது மீன் பிடிக்கும் சாதனம் என்று இறகு சார் மன்றாடினார். "அப்படின்னா மீன் எங்கே?" என்று காவலர் ஒரே கேள்வி கேட்டார்.

எண்பத்தேழு கோடையைச் சொல்லாமல் இருக்க முடியாது. நகரத்தில் குடங்கள் வரிசையில் நின்ற வருஷம். பருத்திப்பட்டு ஏரி வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. அந்த மாத இறகு ஞாயிறு ரத்து என்று நினைத்தோம். இறகு சார் ஒப்புக்கொள்ளவில்லை.

"தண்ணி இல்லேன்னா என்ன? கை மறந்துடக் கூடாது."

ஏரியின் நடுவில் எனாமல் தட்டுகளை வைத்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்று வீசினோம். எருமை ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் வெகுநேரம் நின்று பார்த்தார்.

"இன்னா நைனா பண்றீங்க?"

"பாத்தா தெரில? மீன் புடிக்கிறோம் மாமே," என்றான் எல்லப்பன், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் எருமைகளை விட்டுவிட்டு ஓடினார். சற்று நேரத்தில் ஊர்ப் பெண்கள் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடும் வேப்பிலையோடும் வந்து இறங்கினார்கள். மழைக்காகக் கழுதைக்குக் கல்யாணம் செய்வதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். படித்த உத்தியோகஸ்தர்கள் வறண்ட ஏரியில் மீன் பிடிப்பது அதைவிடப் பெரிய வேண்டுதல் என்று எடுத்துக்கொண்டார்கள். இறகு சாரின் கோலுக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார்கள்.

"இது சும்மா பயிற்சிம்மா," என்றார் அவர்.

"பண்ணு சாமி. நல்லா பண்ணு," என்றார்கள்.

மாலையில் தூறியது. வாசல்கூட நனையவில்லை. ஆனால் சேதி திருமழிசை வரை போய்விட்டது. அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து நாலு பேர் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து, தங்கள் ஏரியிலும் வீச வேண்டும் என்று கேட்டார்கள்.

"மழைக்கு நான் பொறுப்பில்ல," என்றார் இறகு சார். பிறகு கொஞ்சம் யோசித்து, "எடம் விசாலமா இருக்குமா?" என்று கேட்டார்.

டெம்போ அனுப்பி அழைத்துப் போனார்கள். காலையில் மோர் கொடுத்தார்கள். உச்சிவெயில் வரை வீசினோம். வானத்தில் ஒரு பிசிறு மேகம் கிடையாது. மத்தியானத்துக்குப் பிறகு மோரும் நின்றது. போகும்போது டெம்போ, வரும்போது பஸ்.

சிரித்துக்கொண்டே காலம் போய்விட்டிருக்கும். ஆனால் தொண்ணூறு தை மாதம் இறகு சாரின் மூத்த மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. சம்பந்தி பூந்தமல்லிக்காரர், அரிசி மண்டி. மறுவீட்டு விருந்தில் இலை நிறைய மீன். இறகு சார் மீனைத் தொடாமல் கோழிக்கறியை மட்டும் சாப்பிட்டார்.

"சம்பந்தி சைவமா?"

"இல்லீங்க."

"கறி சாப்பிடறீங்களே!"

"கறிக்கும் எனக்கும் தகராறு இல்லீங்க."

சம்பந்தியின் முகம் மாறிவிட்டது. தன் வீட்டுச் சமையலில் ஏதோ குறை கண்டுவிட்டார் என்று நினைத்து எழுந்துவிட்டார். மகள் கதவுக்குப் பின்னால் நின்று அழ ஆரம்பித்தாள். சங்கத்தின் காரியதரிசி என்ற முறையில் என்னைத்தான் விளக்கம் சொல்ல அனுப்பினார்கள். சம்பந்தி முழுவதையும் கேட்டார். பிறகு, "எந்த ஏரி?" என்றார். அடுத்த ஞாயிறு அவரே குடையோடு வந்து கரையில் உட்கார்ந்து சாயங்காலம் வரை பார்த்தார். போகும்போது இறகு சாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "பொண்ண நாங்க நல்லா பாத்துக்கறோம். நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

தொண்ணூற்று மூன்று அக்டோபர் கடைசியில் இறகு சாருக்கு ஓய்வு. குடியிருப்பைக் காலி செய்துவிட்டு ஊருக்கே போய்விடுவதாக முடிவு. அக்காவின் தம்பிகள் தங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இடம் பார்த்து வைத்திருந்தார்கள். ஒரு ஞாயிறு அக்கா கிண்ணத்தோடு வந்தார். அன்று அடுப்படிக்குப் போகவில்லை. என் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கடலுக்கு எதிர்த்தாப்ல வீடு தம்பி. வாசல்ல படகு வந்து நிக்கும். அங்க போயி உக்காந்துகிட்டு தெனம் கத்திரிக்காயா?"

"நீங்க சாப்பிடுங்கக்கா. சபதம் அவருக்குத்தானே?"

"அவரு மோர்க்குழம்ப ஊத்திக்கிட்டு உக்காந்திருப்பாரு, நான் எதிர உக்காந்து முள்ளு துப்பவா? அது முடியாது. இங்கயாவது உங்க வீடு இருக்கு. அங்க நான் யார் வீட்டுக்குச் சர்க்கரை வாங்கப் போவேன்?"

என் மனைவி சிரிக்கப் போனாள். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

இனி அக்டோபர் முடிவதற்குள் எஞ்சியிருந்தவை சில ஞாயிறுகள்தான். சங்கம் அவசரமாகக் கூடியது, கேப்டன் இல்லாமல். எல்லப்பன் ஒரு திட்டத்தோடு வந்திருந்தான்.

"உயிர் விரால் ஒண்ணு குடத்துல கொண்டாறேன். நா ஆகாயத்தாமரைக்கு உள்ளாற முங்கிக்கினு கீறேன். சார் வீசுனாருன்னா நைசா மாட்டி உட்ர்றேன். நீங்க கம்முனு இருங்க, போதும்."

எவரும் எதிர்க்கவில்லை. அடுத்த ஞாயிறு எல்லப்பனுக்குக் காய்ச்சல் என்று கேப்டனிடம் சொன்னோம். ஆகாயத்தாமரை நடுவே ஒரு கறுப்புத் தலை இருந்தது. பார்க்கக்கூடாது என்று இருந்ததால் எல்லாரும் அந்தத் திசையைத் தவிர மற்ற எல்லாத் திசைகளையும் பார்த்தோம். இறகு சார் வீசினார். இறகு விழுந்தது. நூல் விறைத்தது. கோல் வில்லாக வளைந்தது. விரால் ஒரு முழத்துக்கு மேல் இருக்கும். துள்ளித் துள்ளிக் கரைக்கு வந்தது. நாங்கள் போட்ட கூச்சலில் கரையோரத்து எருமைகள் எழுந்துவிட்டன.

இறகு சார் கோலைக் கீழே வைத்தார். மண்டியிட்டு மீனைப் பார்த்தார். முள் வாலுக்குப் பக்கத்தில் குத்தியிருந்தது.

"பூச்சியைத் திங்க வந்த மீன் வாலாலயா திங்கும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

தாமரைக்குள்ளிருந்து பதில் வந்தது.

"பின்னாடி பாத்துக்கினே வந்திருக்கும் சார்!"

இறகு சார் முள்ளைக் கழற்றினார். காயத்தில் விரல் படாமல் கழற்றினார். மீனை இரண்டு கையாலும் தண்ணீருக்குள் பிடித்து, அதற்கு மூச்சு வரும்வரை அசைத்துக்கொடுத்து, விட்டுவிட்டார்.

"ஐயோ, உட்டுட்டியே சார்! நல்ல விராலு சார்!" எல்லப்பன் எழுந்து நின்றான். தலையிலும் தோளிலும் ஆகாயத்தாமரை.

"காய்ச்சலோட தண்ணில நிக்காதே எல்லப்பா. மேல வா," என்றார் இறகு சார். தன் துண்டை எடுத்து நீட்டினார். திட்டியிருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கடைசி ஞாயிறு வந்தது. முந்தின ராத்திரி முழுவதும் மழை. விடிந்ததும் விட்டிருந்தது. வீட்டில் பாதிச் சாமான் மூட்டை கட்டியாகிவிட்டது. அன்று அக்காவும் கூட வந்தார். அத்தனை வருஷத்தில் முதல் முறை.

"எந்த ஏரின்னு ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்," என்றார். குடையை ஊன்றி, ஏதோ நியாயம் கேட்க வந்தவர்போல நின்றார்.

கரையில் இருந்த புற்றுகளிலிருந்து ஈசல் கிளம்பிக்கொண்டிருந்தது. காற்றில் அடித்துக்கொண்டு போய்த் தண்ணீரில் விழுந்தது. விழுந்த இடமெல்லாம் தண்ணீர் பொத்துக்கொண்டு சின்னச் சின்ன வாய்கள் மேலே வந்தன. இறகு சார் அசையாமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கோலில் கட்டியிருந்த மயில் பீலிப் பூச்சியை அறுத்துப்போட்டார். டப்பாவின் மூலையிலிருந்து, வெள்ளைக் கோழி இறகில் கட்டிய ஒன்றை எடுத்தார். அதில் அழகு எதுவும் கிடையாது. முடிச்சை இரண்டு தடவை அவிழ்த்து மறுபடி போட்டார். நாங்கள் எங்கள் தூண்டில்களைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டோம். யாரும் சொல்லி வைத்துக்கொண்டு அப்படிச் செய்யவில்லை.

வீசினார். இறகு ஈசல்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தது. ஒரு வாய் மேலே வந்து அதை இழுத்தது.

கோல் வளையவில்லை. நுனி மட்டும் லேசாகத் துடித்தது. இழுத்துக் கரையில் போட்டால், சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கெண்டைக் குஞ்சு. முள் வாய்க்குள்தான் இருந்தது. எல்லப்பன் ஓடிப்போய் அதைத்தான் முதலில் பார்த்தான்.

"வாய்ல தான் கீது! சார், வாய்ல தான் கீது! நா இங்க தான் நின்னுகினு கீறேன், எல்லாரும் பாத்துக்கோங்க!"

இங்கே சங்கத்தின் சட்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு சாணுக்குக் குறைந்த மீனைப் பிடித்தால் ஏரியிலேயே விட்டுவிட வேண்டும், அதைப் பிடித்ததாகக் கணக்கில் சொல்லிக்கொள்ளக் கூடாது. கொண்டுவந்தவர் கேப்டன். அந்தச் சட்டத்தால் எங்களில் பலர் பிடித்த மீன்களை மீனே இல்லை என்று அவர் தள்ளுபடி செய்திருக்கிறார். இப்போது கையில் தண்ணீரை ஏந்தி அதில் அந்தக் குஞ்சை வைத்துக்கொண்டு நின்றார்.

"சாண் வராது," என்றார்.

"சார், சட்டத்த மாத்திக்கலாம் சார்," என்றேன்.

"மாத்தக் கூடாது."

அவர் தண்ணீரை நோக்கிக் குனிந்தார். அப்போது அக்கா கரையிலிருந்து இறங்கி வந்தார். சேற்றில் செருப்பு ஒன்று மாட்டிக்கொண்டது. அதை விட்டுவிட்டு வந்தார்.

"காட்டுங்க."

காட்டினார்.

"கண்ணு இருக்கு. செவுளு இருக்கு. வாலு இருக்கு. இது என்ன, மாங்காயா?"

"மீன்தான். ஆனா சாண்..."

"சாணு உங்க சங்கத்துக்கு. என் வீட்டுக்கு இது மீனு. சபதம் போட்டன்னைக்கு எவ்வளவு நீளம்னு எங்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்லல."

"அப்ப விடுங்க அத. பாவம், மூச்சு வாங்குது."

இறகு சார் கையைத் தண்ணீருக்குள் இறக்கினார். குஞ்சு ஒரு கணம் அவர் விரல்களுக்கு நடுவிலேயே இருந்தது. பிறகு போய்விட்டது. அவர் எழுந்து நிற்கவில்லை. எல்லப்பன் சைக்கிளை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் பறந்தான்.

அன்று மத்தியானம் அவர்கள் வீட்டில் மீன் குழம்பு கொதித்தது. மூட்டைகளுக்கு நடுவே இலை போட்டு எல்லாரும் உட்கார்ந்தோம். அக்கா விரால் தலையைக் கரண்டியில் அள்ளிக் கணவரின் இலையில் வைத்தார். அவர் அதை எடுத்துப் பக்கத்தில் அக்காவுக்காகப் போட்டிருந்த இலையில் வைத்தார். அக்கா திரும்ப எடுத்து அவர் இலையில் வைத்தார்.

"நீ சாப்பிடு. உனக்குத்தான் தலை பிடிக்கும்."

"நீங்க சாப்பிடுங்க. பேசாம சாப்பிடுங்க."

தலை மறுபடி இந்தப் பக்கம் வந்தது, மறுபடி அந்தப் பக்கம் போயிற்று.

"இன்னாக்கா இது," என்றான் எல்லப்பன். "இந்த மீனு ஏரில கூட இம்மாந்தூரம் நீஞ்சியிருக்காது."

கடைசியில் அந்தத் தலை யார் இலையில் தங்கியது என்பது எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் நாங்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டு, ஏற்கெனவே பிசைந்து முடித்த சாதத்தை மறுபடி பிசைந்துகொண்டிருந்தோம்.